வீட்டை இழுத்தது என் தப்பு

பென்சில் பவுச் என் செருப்பின் மேல் வந்து விழுந்தது. ஜிப் திறந்திருந்ததால் ஸ்கேல், மூடியில்லாத பேனா, பஸ் பாஸ் எல்லாம் தரையில் சிதறின. எறிந்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். எறிந்த கையோடு எழுந்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டான். மீதி நாற்பத்து மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு அரை நிமிடம் முன்னால் நான் அவனிடம் கேட்டது இது: "நோட்டும் இல்ல, கேட்டா பதிலும் இல்ல. உங்க வீட்ல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?"

இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் சொல்லித் தருகிறேன். வடசென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளி, பெயர் எதற்கு. அந்தக் கேள்வியை இதற்கு முன் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. என்னிடமும் என் டீச்சர்கள் கேட்டதுதான். பதில் வரும் என்று கேட்பதில்லை. சாக்பீஸால் மேஜையைத் தட்டுவது மாதிரி, வாயில் வந்துவிடும்.

அன்றைக்கு எனக்கு ஏழு பீரியட். கணக்கு சார் லீவு போட்டிருந்ததால் எட்டாவதும் என் தலையில். சாப்பாட்டு நேரத்தில் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏதோ விவரம் ஏற்றச் சொன்னார்கள். செல்போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. காலையிலிருந்து குடித்த தண்ணீர் அரை டம்ளர். ஏன் என்று பெண் டீச்சர்களைக் கேட்டால் சொல்வார்கள்: குடித்தால் போக வேண்டும், போக நேரமும் கிடையாது, போகிற மாதிரி இடமும் இருக்காது. இதெல்லாம் அன்றைக்கு எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. யாராவது கேட்டிருந்தால், "எனக்கு ஒண்ணுமில்ல, பையனுக்குத்தான் திமிர்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

புகார் எழுதினேன். வீட்டில் இருந்து ஆளைக் கூட்டி வரச் சொன்னேன்.

மறுநாள் அவனுடைய ஆயா வந்தார். அப்பாவைப் பெற்றவர். மூட்டு வலி போல, படியேறி வந்து கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். "நேத்து காத்தால அடிபம்பாண்ட சண்ட டீச்சர்," என்றார். "அவுங்க அம்மா துணிய எடுத்துனு அது ஆத்தா வூட்டுக்குப் பூடுச்சு. தெருவே நின்னு பாத்துச்சு. 'இன்னா குடும்பம்டா இது'ன்னு பக்கத்து வூட்டுக்காரி கேக்குறா. இவன் குடத்தோட அங்கதான் நின்னுனு இருந்தான்."

அவர் அழவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. தகவல் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, "அடிக்காத பாத்துக்க மா" என்று படியிறங்கினார்.

அன்று ராத்திரி என் மகள் கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் தமிழ்தான். தொல்காப்பியம் பொருளதிகாரம், மனதின் உணர்வு உடலில் வெளிப்படுவதைப் பற்றிய மெய்ப்பாட்டியல். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்கிறேன், அவள் ஒப்பிக்கிறாள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. மருட்கை என்றால் வியப்பு, வெகுளி கோபம், உவகை மகிழ்ச்சி. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நான்கு காரணம்.

"வெகுளி நான்கு?"

"உறுப்பறை, குடிகோள், அலை, கொலை."

"குடிகோள்னா?"

"குடும்பத்தை, சுற்றத்தாரை நோக வைக்கிறதும்மா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். எம்.ஏ.வில் இதே கேள்விக்குப் பத்து மதிப்பெண் வாங்கியவள் நான். 'இரண்டாவது காரணம் குடிகோள்' என்று பரீட்சையில் எழுதிய அதே கைக்காரிதான், எட்டாம் பீரியடில் நாற்பத்து மூன்று பேர் முன்னால் ஒரு பையனின் குடியை இழுத்துவிட்டு, அவன் வெகுண்டதற்குத் திமிர் என்று பெயர் வைத்தேன். "அழுகை சொல்லு" என்றேன். "இளிவு, இழவு, அசைவு, வறுமை." நாம் இழவை, அதாவது இழப்பைத்தான் முதலில் வைப்போம். சூத்திரம் இளிவை, அதாவது அவமானப்படுவதை, முதலில் வைத்திருக்கிறது. அது அடுக்கின் வரிசைதானா, அழுத்தத்தின் வரிசையா என்று உரையாசிரியர்கள் வேண்டுமானால் சண்டை போடட்டும். வகுப்பறையைப் பொறுத்தவரை வரிசை சரி.

மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை ஸ்டாஃப் ரூமில் சொன்னதும் கணக்கு சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "மிஸ், ஒரு தடவ இறங்கிட்டீங்கன்னா அப்புறம் தலை மேல ஏறி உக்காந்துடுவானுங்க." அவர் சொல்வதில் பாதி உண்மை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன், அது எனக்குச் சுலபம். ஆனால் இழுத்தது எல்லார் முன்னாலும். வகுப்பில் வருகைப் பதிவு எடுத்து முடித்ததும் நின்றபடியே சொன்னேன்: "முந்தாநாள் நான் வீட்டை இழுத்திருக்கக் கூடாது. அது என் தப்பு. நீ பவுச்சை எறிஞ்சது உன் தப்பு, அதை நாம அப்புறம் பேசலாம்." விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. 'எனக்கும் அன்னிக்கு உடம்பு சரியில்ல' என்று ஆரம்பித்தால் அது மன்னிப்பாக இருக்காது, லீவ் லெட்டராகிவிடும். "பரவால்ல மிஸ்" என்றான், டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டே. யாரும் தலை மேல் ஏறவில்லை. அந்த வாரம் முழுவதும் வகுப்பு கொஞ்சம் அமைதியாகவே இருந்தது. அது மரியாதையா, அதிர்ச்சியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகுதான் கரும்பலகை.

அதற்கு முந்தைய வருடம் எங்களை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். உணர்வுசார் நுண்ணறிவு. படம் மேல் படமாக ஓடியது, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூக்கம். ஆனால் குறிப்பேட்டில் இரண்டு விஷயம் எழுதி வைத்திருந்தேன். ஒன்று, பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு பேர் 1990-ல் இதற்குச் சொன்ன விளக்கம்: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனிப்பது, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது, அதை வைத்து யோசித்து நடந்துகொள்வது. இன்னொன்று, 2007-ல் மேத்யூ லீபர்மன் என்பவரும் அவர் குழுவினரும் செய்த மூளைப் படச் சோதனை. கோபமோ பயமோ தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்வுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் அபாய மணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்திருக்கிறது. பெயர் வைத்தால் சூடு கொஞ்சம் தணிகிறது. அன்றைக்கு எழுதிக்கொண்டேனே தவிர உறைக்கவில்லை. இப்போது தோன்றியது: பிரித்தறிய வேண்டுமென்றால் சொல் வேண்டுமே. என்னிடம் பிள்ளைகளுக்கு இருந்தது மூன்று சொல்: திமிர், சோம்பேறி, நல்ல பிள்ளை. அவர்களிடம் எனக்கு இருந்தது இரண்டு: நல்ல மூடு, மூடவுட்.

எட்டு மெய்ப்பாட்டையும் கரும்பலகை ஓரத்தில் எழுதினேன். திங்கள்தோறும் துண்டுச் சீட்டு, பெயர் போட வேண்டாம், இப்போது எது என்று எழுதி டப்பாவில் போடலாம். முதல் வாரம் படுதோல்வி. முப்பது சீட்டில் 'உவகை', டீச்சருக்குப் பிடிக்கும் என்று. ஒரு சீட்டில் 'பிரியாணி'. இரண்டாவது வாரம் என் சீட்டை நானே படித்துக் காட்டினேன்: "இளிவரல். வெள்ளிக்கிழமை ஆபீஸ் ரூம்ல எல்லார் முன்னாடியும் திட்டு வாங்குனேன்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கடைசி பெஞ்சில் இருந்து ஒருத்தன், "மிஸ், அது இளிவரல் இல்ல. அசிங்கப்பட்டுட்டீங்க" என்றான்.

அதிலிருந்து வகுப்பு என் கையை விட்டுப் போனது, நல்ல விதமாக. பெருமிதத்துக்கு 'கெத்து' என்றார்கள். மருட்கை 'மெர்சல்'. அச்சம் 'டர்'. நகை என்றால் சிரிப்பதா, சிரிக்கப்படுவதா என்று ஒரு பெண் கேட்டாள். எள்ளலும் நகைக்கு ஒரு காரணம்தான் என்றேன். "அப்ப கலாய்க்கிறது. அதுல கலாய்க்கிறவனுக்கு உவகை, வாங்குறவனுக்கு அசிங்கம். ஒரே சீட்டுல எப்படி எழுதுறது?" எம்.ஏ. வகுப்பில் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை.

வெகுளியில்தான் பெரிய சண்டை. 'கடுப்பு' என்றான் ஒருத்தன், 'காண்டு' என்றான் இன்னொருத்தன். இரண்டும் ஒன்றுதானே என்று நான் சொன்னதும் வகுப்பே எதிர்த்தது. கடுப்பு யார் மேலும் இல்லாமல் சும்மாவே இருக்கும், வெயில், பசி, பஸ் வராதது. காண்டு ஓர் ஆள் மேல். அதற்கு அப்புறம் 'வெறி'. பவுச் எறிந்த பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. "காண்டாயிருக்கும்போதே எழுந்து போயிடணும் மிஸ். வெறி வந்துச்சுன்னா கை போயிடும்" என்றான். வளரிளம் வயதில் உணர்ச்சி முந்திக்கொண்டு ஓடும், கடிவாளம் பிடிக்கிற மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிரும் என்று பயிற்சியில் படம் போட்டார்கள். இவன் அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டான், கூடவே என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து. அன்றிலிருந்து ஓர் ஒப்பந்தம்: 'காண்டு' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் வராந்தாவில் ஐந்து நிமிடம் நிற்கலாம். நான் ஏன் என்று கேட்கக் கூடாது.

இதை ஏமாற்றப் பயன்படுத்தினார்களா? பயன்படுத்தினார்கள். இலக்கணப் பாடம் வந்தால் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் காண்டு வரும். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் என்று விதி போட்டதும் சரியாகிவிட்டது.

சீட்டுகள் எனக்குச் சொல்லிக் கொடுத்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நவம்பரில் ஒரு நாள், மறுநாள் மழை விடுமுறை என்று செய்தி வந்தது. நான் சிரித்துக்கொண்டே அறிவித்தேன். அந்த வாரச் சீட்டுகளில் பாதி 'ஜாலி', ஏழெட்டு 'டர்'. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்த தெருக்களில் இருந்து வருகிற பிள்ளைகள் எங்கள் பள்ளியில் நிறைய. மழை லீவு என்றால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, எதைத் தூக்கிப் பரண் மேல் வைப்பது என்பதுதான். இப்போதெல்லாம் மழை அறிவிப்பு வந்தால், புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் விடுமுறையைச் சொல்கிறேன்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் பீரியடில் தூங்குகிறவனை எழுப்பி நிற்க வைப்பது என் பழைய வழக்கம். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பதே தள்ளிப்போகிறது. பதினோரு மணிக்கு முன்னால் தூக்கம் வராமல் புரள்வது எல்லாமே செல்போன் செய்த குற்றம் இல்லை, செல்போன் அதை ராத்திரி ஒரு மணி ஆக்குகிறது. அவர்களுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். இதில் பள்ளி நேரத்தை மாற்ற என்னால் முடியாது. முதல் பீரியடில் உரைநடை வாசிக்காமல் எழுத்து வேலை கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

இனி கொஞ்சம் கனமான விஷயம். ஒரே கையெழுத்தில் மூன்று வாரமாக 'எதுவும் இல்ல' என்று ஒரு சீட்டு வந்தது. எட்டில் ஒன்று இல்லை, பிரியாணி மாதிரி விளையாட்டும் இல்லை. தமிழ் டீச்சருக்குக் கையெழுத்து தெரியாமல் போகுமா. யார் என்று தெரிந்தும் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், எப்படிக் கேட்பது என்ற பயத்தில். பெயர் போடாத சீட்டைக் கண்டுபிடித்துவிட்டோமே என்ற உறுத்தல் வேறு. மூன்றாம் நாள் தனியாக, ஆனால் கதவைத் திறந்து வைத்து, உட்கார வைத்துப் பேசினேன்.

அங்கே கற்ற மூன்று விஷயங்கள் எல்லா டீச்சர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா மட்டும், தேவையான ஒருத்தர்கிட்ட, உனக்குத் தெரிஞ்சுதான் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளையிடம் யாராவது பாலியல் ரீதியாக அத்துமீறியிருந்தால் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நாம் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் நமக்கே தண்டனை. அடுத்தது, சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?" கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்துவிடுவோம் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அப்படி இல்லை, கேட்பது பாரத்தை இறக்குகிறது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் உட்பட எல்லாரும் சொல்கிறார்கள். மூன்றாவது, நாம் டீச்சர், டாக்டர் இல்லை. கேட்டுவிட்டு ஆளிடம் சேர்ப்பதோடு நம் வேலை முடிகிறது.

சேர்ப்பதிலும் சென்னைக்கே உரிய ஒரு சிக்கல். மனநல ஆஸ்பத்திரி என்றதும் வீட்டில் 'கீழ்ப்பாக்கமா?' என்று அலறுவார்கள். 1794-ல் தொடங்கிய மருத்துவமனை, எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்க்கிற இடம். ஆனால் ஊர் வாயில் அந்தப் பெயரே ஒரு வசவு. நான் அந்தச் சண்டைக்குப் போகவில்லை. "ஸ்டான்லில ஓ.பி. சீட்டு போட்டு ஒரு தடவ காட்டிட்டு வாங்க" என்றேன். ஸ்டான்லி என்றால் காய்ச்சலுக்கும் போகிற அரசு ஆஸ்பத்திரி, யாருக்கும் கூச்சம் இல்லை. போனார்கள். அதற்கு மேல் அந்தப் பிள்ளையைப் பற்றி இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. எண்கள் மட்டும் எழுதிவைக்கிறேன்: மனநல உதவிக்கு டெலி மனாஸ் 14416, குழந்தைகள் உதவி 1098, மாநில சுகாதார உதவி 104. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவிலும் பேசலாம். இந்த எண்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் அதன் முன்னால் நின்று யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள், அடுத்தவன் பார்ப்பான். நான் இலக்கண நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாரையும் எழுத வைத்தேன், சொல்வதெழுதுதல் என்று.

இவ்வளவும் பிள்ளைகளுக்கு. எங்களுக்கு?

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. நாங்கள் பிரம்பைக் கீழே போட்டோம், நாக்கை வைத்துக்கொண்டோம். நாக்கு எப்போது நீளுகிறது என்று ஒரு மாதம் என் டைரியில் குறித்தேன். பசியில், தொண்டை வறண்டிருக்கும்போது, ஆபீஸ் ரூமில் இருந்து நேராக வகுப்புக்கு வந்த நாட்களில். பாடத்துக்கோ பையனுக்கோ அதில் அதிகம் சம்பந்தம் இல்லை. இப்போது பெரிய தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறேன். மூன்றாம் பீரியட் முடிந்து கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் நான்காவதுக்குப் போவேன், இரண்டு நிமிடம் தாமதமானால் ஆகட்டும். ஆபீஸ் ரூமில் இருந்து வந்தால் வகுப்பு வாசலில் நின்று, எட்டில் எது என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பேன். சில நாள் மறந்துவிடும். அந்த நாட்களில் பழைய நாக்குதான்.

ஸ்டாஃப் ரூமில் ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்தவரிடம் யாரும் கையெழுத்து, ரிஜிஸ்டர், சப்ஸ்டிட்யூஷன் என்று எதுவும் கேட்கக் கூடாது, பத்து நிமிடம். இந்த யோசனை என்னுடையது இல்லை. பி.பி. மாத்திரை போடுகிற கணக்கு சாருடையது. மன்னிப்பை எதிர்த்தவர்தான். நாற்காலியை முதலில் பிடித்தவரும் அவரே.

அந்தப் பையன் இப்போது பத்தாவது. அம்மா திரும்பி வந்தாரா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நோட்டு இன்னமும் பாதி நாள் கொண்டுவருவதில்லை. போன காலாண்டில் தமிழில் 41. போன வாரம் திருப்புதல் நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து, "காண்டு மிஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றான். அந்த நேரம் பார்த்து எச்.எம். வராந்தாவில் வந்தார்.

"ஏன் வெளிய நிக்க வெச்சிருக்கீங்க?"

"நான் நிக்க வைக்கல சார். அவனே போய் நிக்கிறான்."

எச்.எம். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ கேட்க வந்து கேட்காமல் மாடிப்படி ஏறினார். ஏழு நிமிடம் கழித்துப் பையன் உள்ளே வந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவனின் புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

"மிஸ், எந்தப் பக்கம்?"

"எண்பத்து ரெண்டு."